பின்சீட்டுக்காரி

எனக்கு வாய் நீளம் என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். என் வேலைக்கு வாய் நீளமாகத்தான் இருக்க வேண்டும். எதிரே வரும் லாரியை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காண்பவர் போல ஒருவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் இருக்கும் நான் மௌன விரதம் இருந்தால் இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டியதுதான்.

ஆனால் ஒன்று. காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வருபவர்களிடம் நான் ஒரு நாளும் கத்தியதில்லை. "பரவால்லீங்க, நல்லா வருது. அவசரமே இல்ல. மெதுவா கிளட்ச விடுங்க" என்றுதான் சொல்வேன். விளக்குக் கம்பத்தை உரசிவிட்டுத் திருதிருவென்று முழிப்பவரிடம்கூட, "கம்பம் அங்கதான் இருக்கும், நாமதான் தள்ளிப் போகணும், பரவால்லீங்க" என்பேன். தேன் ஒழுகும். அது தொழில் தர்மம்.

என் வீட்டுக்காரர் காசு கொடுக்காத மாணவர்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார். சுற்றுகிற கல்லில் கண்ணாடி வில்லையை வைத்து, ஃபிரேமின் வளைவுக்குத் தகுந்த மாதிரி ஓரத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினால் உள்ளே போகாது, குறைந்தால் கழன்று விழும். இவர் தேய்த்தால் 'டக்' என்று உட்காரும். அப்பேர்ப்பட்ட கைக்காரருக்கு ஸ்டீயரிங்கைப் பிடித்தால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது. லைசென்ஸ் டெஸ்ட்டில் மூன்று முறை கோட்டை விட்டுவிட்டார். டிரைவிங் ஸ்கூல்காரியின் புருஷன் டிரைவிங்கில் ஃபெயில் என்றால் ஊருக்குச் சிரிக்கக் கேட்கவா வேண்டும்? நான் போகிற கடைகளில் எல்லாம் மீதிச் சில்லறையோடு இதையும் விசாரித்து அனுப்புவார்கள்.

அதுவரை அது சிரிப்பு விஷயமாகத்தான் இருந்தது. கோடை ஆரம்பத்தில் பட்டறை முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். பட்டறையை ஊருக்கு வெளியே, தொழிற்பேட்டைக்கு மாற்றுகிறார்களாம். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. தேய்த்த லென்ஸ்களைக் காலையில் வேனில் எடுத்துக்கொண்டு போய்க் கடைகளில் கொடுத்துவிட்டு, பிறகு வந்து கல்லில் உட்காருகிற ஆள்தான் இனி வேண்டுமாம். கோடை முடிவதற்குள் லைசென்ஸ் வாங்கினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம். ஊரில் வேறு பட்டறை கிடையாது. இவருக்கு வேறு வேலையும் தெரியாது. என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் முகம் செத்துப் போயிருந்தது. டெஸ்ட்டுக்குக் கிடைத்ததும் கோடையின் கடைசி வாரத்தில் ஒரே ஒரு தேதிதான்.

இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் அந்தப் பெண் வந்து இறங்கினாள்.

வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு இங்கே வந்து, ஒரு குடும்பத்தோடு தங்கி, நம் மொழியைப் பேசிப் பழகுகிற திட்டம் ஒன்று இருக்கிறது. எங்கள் மகன் படிக்கப் போய் ஹாஸ்டலில் இருக்கிறான், அவன் அறை சும்மா கிடந்தது. என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்குப் பேசுவதை ஒரு டீஸ்பூனில் அடக்கிவிடலாம். எனக்குப் பேச ஆள் வேண்டும். 'வீட்டில் நிறையப் பேசும் குடும்பங்கள் வரவேற்கப்படுகின்றன' என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அந்தத் தகுதி என்னிடம் தேவைக்கு மேலேயே இருந்ததால் முன்பே பெயரைக் கொடுத்து வைத்திருந்தேன்.

வந்தவளுக்குப் பதினாறு வயது. ஒல்லியாக, கழுத்து நீளமாக, எதைப் பார்த்தாலும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்தாள். திட்டத்தை நடத்துகிற அம்மாள் அவளைக் கொண்டுவந்து விட்டார். திட்டக்காரம்மா என்றுதான் நான் அவரைச் சொல்வேன். "வீட்ல நம்ம மொழி மட்டும்தான் பேசணும். நீங்க என்ன சொன்னாலும் அவ அதைத் தனக்குத் தெரிஞ்ச வார்த்தையில திருப்பிச் சொல்லணும். கிளிப்பிள்ளை மாதிரி இல்ல, அர்த்தத்தச் சொல்லணும். அதுதான் எங்க பயிற்சியே" என்றார். பிறகு என்னை அத்தை என்றும், என் வீட்டுக்காரரை மாமா என்றும் கூப்பிடச் சொல்லிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

காலையில் அவளுக்கு வகுப்பு. மற்ற நேரமெல்லாம் எங்கள் பொறுப்பு. எனக்கோ நாள் பூராவும் காரில் வேலை. வயசுப் பெண்ணை வீட்டில் தனியாக விட்டுவிட்டுச் சுவரோடு பேசு என்று சொல்லவா முடியும்? வகுப்பு முடிந்ததும் கூட்டிக்கொண்டு வந்து காரின் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் எனக்குப் பின்சீட்டுக்காரி.

முன்னால் நானும் மாணவரும். என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். பின்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவில் அவள் தலை. நான் சொல்லச் சொல்ல அவள் உதடு அசையும். ஒரு மணி நேரம் ஜவுளிக்கடைக்காரர், அடுத்து ஒரு நர்ஸம்மா, அதற்கடுத்துக் கல்யாணம் நிச்சயமான ஒரு பையன் என்று ஆள் மாறினாலும் பாடம் மாறாது. "கண்ணாடிய பாருங்க. பின்னால வண்டி வருதா? வரட்டும், நாம நம்ம வழியில போவோம். இண்டிகேட்டர் போடுங்க. பரவால்லீங்க, நல்லா வருது." வேறு எந்த வகுப்பறையில் ஒரே வாக்கியத்தை இத்தனை முறை, இத்தனை அன்பாகச் சொல்லித் தருவார்கள்?

விளைவு வீட்டில் தெரிந்தது. சாப்பிடும்போது இன்னும் கொஞ்சம் போடப் போனால் தட்டின் மேல் கையை நீட்டி, "பிரேக், அத்தை" என்பாள். மாமா ஃபிரிட்ஜை மறைத்துக்கொண்டு நின்றால், "மாமா, கொஞ்சம் ஓரமா போங்க, நான் நேரா போறேன்" என்பாள். தூக்கம் வந்தால் பெட்ரோல் இல்லை. குளியலறைக் கதவு பூட்டியிருந்தால் வெளியே நின்று, "சிக்னல் எப்ப விழும்?" என்று கேட்பாள். நான் அடுக்களையில் சாமானைக் கீழே போட்டால் ஓடி வந்து பார்த்துவிட்டு, "பரவால்லீங்க, நல்லா வருது" என்பாள். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். திருத்தியிருக்க வேண்டும்தான். கேட்க நன்றாக இருந்ததால் திருத்தவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரருக்கு வகுப்பு எடுக்கப் போனோம். அவள் வழக்கம்போல் பின்னால் ஏறிக்கொண்டாள். தெரு முனை தாண்டுவதற்குள் எதிரே பஸ். இவர் நடு ரோட்டை விட்டு அசைகிற வழியாக இல்லை.

"ஏங்க, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? எதிர்ல அவ்வளவு பெரிய பஸ் வருது, அப்பன் வீட்டு ரோடு மாதிரி நடுவுல போறீங்க" என்றேன். சும்மா சொல்லவில்லை, தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் சொன்னேன்.

அவருடைய தோள் இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. வழக்கமாக அதற்கு அடுத்து நடப்பது, கார் குலுங்கி நின்றுவிடும், நான் மறுபடி ஆரம்பிப்பேன். அன்று பின்னால் இருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"மாமா, எதிர்ல பஸ் வருதுங்க. கொஞ்சம் ஓரமா போங்க. அவசரமே இல்ல."

அவர் ஓரமாகப் போனார். பஸ் போயிற்று.

நான் திரும்பி அவளை முறைத்தேன். அவளுக்கு நான் எதற்கு முறைக்கிறேன் என்று விளங்கவில்லை. அத்தை ஏதோ சொன்னார்கள், அதைத் தெரிந்த வார்த்தையில் திருப்பிச் சொல்வது அவள் பாடம். பாடத்தை ஒழுங்காகச் செய்த நிம்மதியில் தலையை ஆட்டினாள்.

"கிளட்ச முழுசா மிதிச்சா என்ன, கால் தேஞ்சா போயிடும்? லென்ஸ்தான் தேயும், கால் தேயாது" என்றேன் அவரிடம்.

"கிளட்ச முழுசா மிதிங்க, மாமா."

"ரிவர்ஸ் எடுங்கன்னா வண்டி என்ன கோலம் போடுது? பின்னால இருக்கற சுவர் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?"

"பின்னால சுவர் இருக்கு. ஸ்டீயரிங் நேரா வைங்க. நல்லா வருது."

"இந்த மனுசன கட்டிக்கிட்டு நான் படற பாடு இருக்கே, அத எழுதினா ஏட்டுல அடங்காது."

அவள் யோசிக்கிறாள் என்று தெரிந்தது. கடைசியில், "அத்தை, இதுக்கு ரோட்டுல வார்த்தை இல்ல" என்றாள்.

என் வீட்டுக்காரர் சிரித்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவருடைய தோள் இறங்கியது. அந்தச் சிரிப்போடு முதல் தடவையாக ஒரு ரவுண்டானாவை யாரும் ஹார்ன் அடிக்காமல் சுற்றி வந்தார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. சிரிப்பும் வந்தது. கோபத்தை மட்டும் வெளியில் காட்டினேன்.

அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. பட்டறையில் இருந்து அவர் வந்ததும் தினமும் காரை எடுப்போம். நான் திட்டுவேன். பின்சீட்டுக்காரி அதில் உள்ள கல், மண்ணை எல்லாம் பொறுக்கிப் போட்டுவிட்டு, இடது, வலது, கிளட்ச், பிரேக் என்று சோறாக்கிக் கொடுப்பாள். அவர் அதை வாங்கிக்கொள்வார். மேட்டில் வண்டியைப் பின்னால் உருளாமல் கிளப்பப் பழகினார். இரண்டு கம்பத்துக்கு நடுவில் ரிவர்ஸில் நுழைக்கப் பழகினார். எனக்கோ உள்ளுக்குள் புகைந்தது. நானும் இவ்வளவு காலமாக இதைத்தானே சொன்னேன்? சொன்னதைச் சொன்னவளுக்கு நல்ல பேரா என்று இருந்தது. ஆனாலும் வாயை அடக்கிக்கொண்டு அவளை நேராகச் சொல்லவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் திட்டாவிட்டால் அவள் எதைத் திருப்பிச் சொல்வாள்?

டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் திட்டக்காரம்மா சோதனைக்கு வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அவளிடம் கேள்வி கேட்டார்.

"நேத்து சாயங்காலம் என்ன பண்ணே?"

"நேரா போனேன். ரவுண்டானா சுத்துனேன். அப்புறம் நிறுத்துனேன்."

"இந்த வீடு பிடிச்சிருக்கா?"

"வீடு நல்லா வருது."

"உன் ஊரப் பத்தி ஏதாவது சொல்லு பாப்போம்."

"அது ரொம்ப தூரம். யூ டர்ன் போடணும்."

திட்டக்காரம்மாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டீயைக் கீழே வைத்தார். "என்னங்க இது? மொழி கத்துக்க அனுப்பினா, பொண்ணு ரோடு போட்டுக்கிட்டு இருக்கா. மத்த பிள்ளைங்க எல்லாம் கதை சொல்றாங்க, சண்டை போடறாங்க. ஒரு வாத்தியார் வீட்டுல இடம் இருக்கு. சனிக்கிழமை அங்க மாத்திடறேன். மிச்சம் இருக்கற நாளாவது உருப்படியா போகட்டும்."

எனக்கு வாயடைத்துப் போயிற்று. இதைப் படிக்கும் என் ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். ஆனால் உண்மை. சனிக்கிழமை இவள் போய்விட்டால் அடுத்த வாரம் டெஸ்ட். அதுவரை காரில் நானும் இவரும் மட்டும்தான். அப்படி மூன்று தடவை பழகி என்ன ஆயிற்று என்பது ஊருக்கே தெரியும்.

ஓரமாக உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர்தான் பேசினார். "அந்தப் பொண்ணு போயிட்டா நான் ஃபெயிலுங்க."

"நீங்க எதுக்கு சார் ஃபெயில் ஆகணும்? அவளுக்குத்தானே பரீட்சை?"

"எனக்கும்தான்" என்றார். அவர் அன்றைய டீஸ்பூன் அதோடு காலி.

பின்சீட்டுக்காரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள். "இடது வேண்டாம். வலது வேண்டாம். இங்கயே பார்க்கிங்" என்றாள்.

திட்டக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடுகிற ஆள் இல்லை அவர். "சரி, ஒரே ஒரு சோதனை. உங்க அத்தை காருக்குச் சம்பந்தமே இல்லாம ஏதாவது பேசட்டும். நீ அர்த்தத்தத் திருப்பிச் சொல்லு. சரியா சொன்னா இங்கயே இருக்கலாம்" என்றார். என் பக்கம் திரும்பி, "எதையாவது பேசுங்க" என்றார்.

என்னிடம் போய் எதையாவது பேசுங்கள் என்கிறார். அவருக்கே நேரே ஆரம்பித்தேன்.

"எதையாவது என்ன, இதையே பேசறேன். வாத்தியார் வீட்டுல என்ன பெருசா கொட்டிக் கிடக்குது? அங்க சாப்பாட்டுத் தட்டு முன்னாலயும் பாடம் நடத்துவாங்க, புள்ளைக்குத் தொண்டையில இறங்குமா? இங்க அவ வந்த நாள்ல இருந்து வாய்விட்டுச் சிரிக்கிறா, வயிறார சாப்பிடறா, வாசல்ல செருப்பு சத்தம் கேட்டா ஓடி வரா. வீடுன்னு ஒண்ணு இருந்தா சத்தம் வேணாமா? எங்க வீட்டுல மகன் போனதுல இருந்து கடிகாரம் ஓடற சத்தம்கூடக் கேக்கும், உங்களுக்குத் தெரியுமா அது? கொண்டுவந்து விடுவீங்களாம், பழகினதும் பிடுங்கிட்டுப் போவீங்களாம். நான் என்ன பிள்ளை வளக்கத் தெரியாதவளா? அவ இல்லன்னா எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது. போகட்டும், தாராளமா போகட்டும். அந்த ரூம நாளைக்கே பூட்டிடறேன்."

மூச்சு வாங்க நிறுத்தினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதில் பாதி வார்த்தை இதற்கு முன் அவள் காதால்கூடக் கேட்டிருக்க மாட்டாள். ரோட்டில் கிடைக்காத வார்த்தைகள்.

திட்டக்காரம்மாவிடம் திரும்பி, "அத்தைக்கு நான் வேணும்" என்றாள்.

அவ்வளவுதான். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுக்களையில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றுமே இல்லை. நான் திரும்பி வந்தபோது திட்டக்காரம்மா கிளம்பிப் போயிருந்தார். டீ டம்ளர் காலியாக இருந்தது. பின்சீட்டுக்காரி எங்கேயும் போகவில்லை.

டெஸ்ட் நாள் வந்தது. மைதானத்தில் கொடி நட்டு, கம்பம் நட்டு, ஒரு பக்கம் செயற்கையாக மேடு கட்டி வைத்திருந்தார்கள். ஆபீசரும் ஓட்டுகிறவரும் மட்டும்தான் காரில் இருக்கலாம். நானும் அவளும் தகரக் கூரைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தோம். மற்ற டிரைவிங் ஸ்கூல்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு எங்கள் காரையே பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இங்கிருந்து பார்க்கும்போதே அவர் தோள் மேலே ஏறுவது தெரிந்தது.

லைசென்ஸ் இல்லாவிட்டால் வேலை இல்லை. இந்த வயதில் புதிதாக எந்தக் கல்லில் போய் உட்காருவார்? வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிற மனிதரை எப்படிப் பார்ப்பது?

"அத்தை, ஏதாவது சொல்லுங்க. நான் திருப்பிச் சொல்றேன்" என்றாள் அவள்.

கடைசியில், "பயமா இருக்கு" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் பயமா இருக்கு" என்றாள். அது திருப்பிச் சொன்னது இல்லை.

கார் கிளம்பியது. குலுங்கியது. நின்றுவிடும் என்று நினைத்தேன், நிற்கவில்லை. மேட்டில் ஏறி, பாதியில் நின்று, பின்னால் உருளாமல் மறுபடி ஏறியது. கம்பங்களுக்கு நடுவில் பின்பக்கமாக நுழைந்தது. ஒரு கம்பத்துக்கும் காருக்கும் நடுவில் ஒரு கை அகலம்தான் இருந்திருக்கும். லென்ஸ் ஃபிரேமில் உட்காருவது போல உட்கார்ந்தது. பக்கத்தில் யாரோ விசில் அடித்தார்கள். பிறகு கார் மைதானத்தை விட்டு ரோட்டுக்குப் போய், கண்ணுக்கு மறைந்தது. அது திரும்பி வரும் வரையில் அவள் என் கையை விடவில்லை.

ஆபீசர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். பல வருடமாக என்னைத் தெரிந்தவர்.

"உங்க வீட்டுக்காரர் பாஸ். ஆனா ஒரு சந்தேகம். அவர் இந்த ஊர்க்காரர்தானே?"

"ஏன் கேக்கறீங்க?"

"ஓட்டும்போது பூரா தனக்குத் தானே பேசிக்கிட்டே வராரு. அதுவும் ஏதோ வெளிநாட்டுல இருந்து நேத்து வந்தவர் மாதிரி. 'கொஞ்சம் ஓரமா போங்க, அவசரமே இல்ல'ன்னு. மேட்டுல நான் கொஞ்சம் சீட்டப் பிடிச்சேன், என்னைப் பாத்து 'பரவால்லீங்க, நல்லா வருது'ங்கறாரு."

பின்சீட்டுக்காரி குதித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரர் சட்டையெல்லாம் வியர்வையோடு வந்து, உலகத்தையே தேய்த்து ஃபிரேமில் மாட்டிவிட்டவர் போல நின்றார். எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை, கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு முள்ளும் குத்தியது. கட்டின பெண்டாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். அவர் மண்டைக்குள் போனது நேற்று வந்தவள் குரலா?

வீட்டுக்குப் போனதும் கேட்டும் விட்டேன். "அப்ப நான் சொன்னது ஒண்ணும் உங்க காதுல ஏறல. அவ சொன்னதுதான் ஏறுச்சு, இல்ல?"

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "அவ சொந்தமா என்ன சொன்னா? எல்லாம் நீ சொன்னதுதான். ஜவுளிக்கடைக்காரருக்குச் சொன்னே, நர்ஸம்மாவுக்குச் சொன்னே, அந்தக் கல்யாணப் பையனுக்குச் சொன்னே. பின்னால உக்காந்து கேட்டு அவ எனக்குக் கொண்டுவந்து குடுத்தா. நீ அப்படிப் பேசுவேன்னே எனக்குத் தெரியாது. நல்லா இருந்துச்சு."

குறை சொல்லவில்லை அவர். இன்றைக்கு வெயில் குறைவு என்பது போலச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது.

பின்சீட்டுக்காரி ஊருக்குப் போகும் நாளும் வந்தது. விமான நிலையத்துக்கு அவரே ஓட்டினார், எங்கள் சொந்தக் காரில், மேலே போர்டு எதுவும் இல்லாமல். நான் பக்கத்தில், அவள் பின்னால், மடியில் பை. வழியெல்லாம் அவளே பேசிக்கொண்டு வந்தாள். ஊரில் அவள் தம்பி எப்படிச் சண்டை போடுவான், அவள் அம்மாவுக்கு எதற்கெல்லாம் கோபம் வரும் என்று, ரோட்டில் இல்லாத வார்த்தைகளாகவே வந்தன. எப்போது பொறுக்கினாளோ தெரியவில்லை. இறங்கும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். "போ, போ, லேட்டாகுது, நின்னுக்கிட்டே இருக்கா பாரு" என்று விரட்டினேன். அதைத் திருப்பிச் சொல்லும்படி யாரும் கேட்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டே கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். இரண்டே பேர். எதிரே லாரி வந்தது, ஓரமாகப் போனார். இண்டிகேட்டர் போட வேண்டிய இடத்தில் போட்டார். சிக்னலில் பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் எனக்கு என்னமோ தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டேன். காசு கொடுத்து வந்தவர்களிடம் ஆயிரம் தடவை சொன்னதுதான். வெளியே வருவதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"பரவால்லீங்க" என்றேன். "நல்லா வருது."

கார் குலுங்கிச் சந்திக்கு நடுவில் நின்றுவிட்டது. அவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, பேயைப் பார்த்தவர் போல என்னைப் பார்த்தார். பின்னால் ஹார்ன் சத்தம் காதைப் பிளந்தது.

"என்னங்க பாக்கறீங்க? என் மூஞ்சியில என்ன சிக்னலா இருக்கு? ஒரு மனுஷி அதிசயமா நல்லதா நாலு வார்த்தை சொன்னா, வண்டிய நடு ரோட்டுல நிறுத்திட்டு வேடிக்கை பாக்கறதா? ஊரே பின்னால நின்னு கத்துது, காதுல என்ன பஞ்சா வச்சிருக்கு?"

அவர் முன்பக்கம் திரும்பினார். "கிளட்ச முழுசா மிதிக்கணும். ஸ்டார்ட் பண்ணணும். அவசரமே இல்ல" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மிதித்தார், ஸ்டார்ட் செய்தார், சந்தியைத் தாண்டினார். தோள் ஏறவே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும், ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"முதல்ல ஒண்ணு சொன்னியே, அத இன்னொரு தடவ சொல்லேன். இப்ப தயாரா இருக்கேன்."

சொன்னேன். வண்டி நிற்கவில்லை.